ராஜகீழ்ப்பாக்கம் ஏணி வண்டி

ராஜகீழ்ப்பாக்கம்
18 ஜூலை 2004

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் போன் செய்யும்போது ‘ம்’, ‘சரி’, ‘நல்லா இருக்கேன்’ என்பதைத் தவிர நான் வேறு எதுவும் பேசுவதில்லை. கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். போன் இருப்பது கூடத்தில். அம்மா ஒரு பக்கம் அரிசியில் கல் பார்ப்பார். அத்தா மறுபக்கம் பேப்பரை விரித்துப் பிடித்திருப்பார், நாம் பேசி முடிக்கும்வரை பக்கம் திரும்பாது. நிக்காஹ் நிச்சயமாகிவிட்ட பிறகும் நமக்குள் இவ்வளவுதான் பேச்சு என்றால் கஷ்டம். அதனால் எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

மாமி நம் சம்பந்தத்தைப் பேச வந்தபோது ஒரு வார்த்தை சொன்னார். “என் மகனும் ஏணி, என் தம்பிக்கும் ஏணி, இந்தப் பொண்ணு தப்பிக்கவே முடியாது.” எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது நல்ல சகுனமாகப் பட்டது. நீங்கள் ஷார்ஜாவில் இயந்திர ஏணியின் உச்சியில் நின்று கட்டடக் கண்ணாடி கழுவுகிறீர்கள். இங்கே அத்தா லாரி முதுகில் மடிந்து கிடக்கும் ஓர் ஏணியை வாடகைக்கு விடுகிறார். அதன் நுனியில் உள்ள தொட்டியில் நின்று மேலே போகிறவர் குப்புராஜ். போனில் வேலை பிடிப்பது நான். எம்.ஏ. தபால் பாடங்களுக்கு நடுவே இது என் உத்தியோகம்.

எப்படிப்பட்ட வேலைகள் வருகின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். தெருவிளக்கு, விளம்பரப் பலகை, கல்யாண மண்டபத்துச் சீரியல் பல்பு, மரக்கிளை, தேன்கூடு. போன வாரம் ஒரு போன்.

“ஏணி வண்டி இருக்காமே?”

“இருக்குங்க. எவ்வளவு உயரம் வேணும்?”

“எங்க வூட்டுப் பூனை ஏறின உயரம்.”

குப்புராஜ் போனார். தொட்டி கிளையை நெருங்கியதும் பூனை தானாகவே அதில் குதித்து உட்கார்ந்துகொண்டு கீழே வந்ததாம். “டிக்கெட் வாங்கினா மாதிரி வந்துச்சு பாப்பா” என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஏற வேண்டும், மச்சான். ஒரு முறை வேடிக்கை பார்ப்பதற்காக மட்டும் இல்லை. லீவரைப் பிடித்து நானே இயக்கிப் பழக வேண்டும். கேட்டதும் அத்தா மறுக்கவில்லை, அதைவிடச் சங்கடமாக ஒன்று சொன்னார். “இனிமே உனக்குச் சொல்றவன் நான் இல்ல. மாப்பிள்ளை எழுதட்டும், ஏறிக்கோ.” இப்படி அனுமதி கேட்டு எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எவ்வளவு ஆசை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி. நான் நூலகத்தில் படித்த அத்தனை புத்தகங்களிலும் வானம் இருக்கிறது. எழுதியவர்கள் எல்லோரும் தரையில் நின்றே பார்த்திருக்கிறார்கள் என்று சந்தேகம். நீங்கள் சொல்லுங்கள். மேலேயிருந்து என்ன தெரிகிறது?

சபீஹா


ஷார்ஜா
6 ஆகஸ்ட் 2004

சபீஹாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. எங்கள் ரூமில் ஆறு பேர். யாருக்குக் கடிதம் வந்தாலும் மற்ற ஐந்து பேரும் சுற்றி உட்காருவார்கள். குளியலறையில் வைத்துப் படித்தேன். கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

உன்னைப் போல எனக்கு எழுத வராது. கேட்டதற்குப் பதில் மட்டும் எழுதுகிறேன்.

இங்கேயும் ஏணிக்குப் பலவிதமான வேலை. பெரும்பாலும் கண்ணாடி. ஒரு மாதம் விமானம் நிறுத்தும் கொட்டகையில் விமானத்தைத் தேய்த்துக் கழுவினோம், யானையைக் குளிப்பாட்டுவது போல. இப்போது பேரீச்சம்பழக் காலம். முதலாளியின் தோட்டத்துக்கு ஒரு வண்டி போயிருக்கிறது, குலை அறுக்க. நோன்புக்கு முன்னால் பள்ளிவாசல் மினாராவில் விளக்கு கட்டுவோம்.

குப்புராஜ் பெல்ட் போடுகிறாரா? போன முறை ஊருக்கு வந்தபோது பார்த்தேன், போடவில்லை. மாமாவிடம் சொல், உடனே ஒன்று வாங்கட்டும். இன்னொன்றும் சொல். தொட்டியில் ஒரு லீவர் இருக்கும், கீழே வண்டியில் ஒன்று இருக்கும். மேலே ஆள் இருக்கும்போது கீழே நிற்பவர் லீவரில் கை வைக்கக் கூடாது. மேலே மயங்கி விழுந்தாலோ மிஷின் கெட்டாலோதான் தொட வேண்டும். மற்றபடி மேலே இருப்பவர் கைதான் கணக்கு. நம் ஊரில் இதை யாரும் மதிப்பதில்லை.

மேலேயிருந்து என்ன தெரியும் என்று கேட்டாய். கண்ணாடி தெரியும். அதில் நம் முகம் தெரியும். அவ்வளவுதான்.

வெயில் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

இர்ஃபான்


ராஜகீழ்ப்பாக்கம்
21 ஆகஸ்ட் 2004

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கேட்டதற்குப் பதில் எழுதுவதாகச் சொல்லிவிட்டு நான் கேட்டதை மட்டும் விட்டுவிட்டீர்கள். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் காத்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். விமானமும் பேரீச்சையும் பிரமாதம். நான் ஏறலாமா, கூடாதா?

ஆனால் உங்கள் கடிதத்தால் ஒரு நன்மை. பெல்ட் பற்றிச் சொன்னதும் அத்தா குப்புராஜுக்கு ஒன்று வாங்கிவிட்டார். “இன்னா மொதலாளி, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி கீது” என்று முணுமுணுத்தார், இருந்தாலும் போட்டுக்கொள்கிறார்.

இந்த மாதம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சேலையூர் பக்கத்தில் ஒரு சர்ச், என் தோழி சுஜியின் அப்பா வேதசிரோமணி சார் அங்கே செயலாளர். கோபுரத்துச் சிலுவையில் பல்பு போய்விட்டது. குப்புராஜ் தொட்டிக்குள் ஏறியதும், “ஒரு நிமிஷம் தம்பி” என்று சார் கண்களை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். குப்புராஜின் கை, கால், கண், பெல்ட், வண்டியின் நான்கு ஜாக்கிக் கால்கள், எண்ணெய்க் குழாய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாதுகாக்கச் சொல்லி வேண்டினார். திரும்பி வரும்போது குப்புராஜ் சொன்னார்: “எங்க வூட்ல கூட எனக்காக யாரும் இவ்ளோ நேரம் வேண்டிக்கினது இல்ல.”

அடுத்து குன்றத்தூரில் ஒரு படப்பிடிப்பு. மலைக்கோயில் பின்னணியில் தெரிய வேண்டுமென்று டைரக்டர் கேமராவோடு தொட்டியில் ஏறினார். ஏறியவர் இறங்கவே இல்லை. சாப்பாட்டையும் மேலேயே அனுப்பச் சொன்னார். கீழே இருந்தால் ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்களாம்.

ஒன்றைக் கவனித்தேன். கரண்ட் ஆட்களுக்கு இது ஸ்கை லிஃப்ட். விளம்பரப் பலகைக்காரர்களுக்குக் கிரேன். சர்ச்சில் ‘பெரிய ஏணி’ என்றார்கள். சினிமாக்காரர்கள் ‘தொட்டி சார் வந்தாச்சா’ என்று குப்புராஜையே தொட்டி சார் ஆக்கிவிட்டார்கள். அம்மாவுக்கு அது எப்போதும் சனியன்தான். ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள், எல்லோரும் அதில் ஏறிவிட்டார்கள். பெயரைச் சரியாகச் சொல்லி வேலை பிடித்துக் கொடுக்கிற நான் மட்டும் ஏறவில்லை.

முழு உண்மையும் சொல்லிவிடுகிறேன். வண்டி வீட்டுப் பக்கத்து மனையில் நிற்கும்போது, தொட்டி தரையோடு தரையாக இருக்கையில், குப்புராஜ் எனக்கு லீவர்களைக் கற்றுக்கொடுத்துவிட்டார். ஆள் உயரத்துக்குத் தூக்குவேன், இறக்குவேன், திருப்புவேன். அதற்கு மேலே போகவில்லை. அத்தாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார். தொட்டியில் இரண்டு பேருக்கு இடம் உண்டு, மச்சான். ஒருநாள் உங்களோடு ஏறுவதானாலும் முதலில் நான் தனியே ஏறிப் பழகியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆமாம் அல்லது இல்லை. ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

சபீஹா


ஷார்ஜா
10 செப்டம்பர் 2004

சபீஹாவுக்கு,

வேண்டாம்.

ஒரு வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன். அதோடு நிறுத்தினால் நீ என்னைத் தப்பாக நினைப்பாய். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாதே, அம்மாவிடம் கூட.

ஜூன் மாதம் நான் மேலே இருந்தபோது காற்று அடித்தது. வழக்கமான காற்றுதான், நிதானமாக இறங்கியிருப்பேன். கீழே நின்றவன் புதியவன். எனக்கு உதவுவதாக நினைத்துக் கீழேயிருந்து லீவரை இழுத்துவிட்டான். நான் ஒரு பக்கம் இழுக்க, அவன் ஒரு பக்கம் இழுக்க, தொட்டி போய்க் கண்ணாடியில் மோதியது. கண்ணாடி உடைந்தது. பெல்ட் போட்டிருந்ததால் தொங்கிக்கொண்டிருந்தேன். அடி பெரிதாக இல்லை.

அதற்குப் பிறகு நான் ஏறவில்லை. ஏறப் போனால் முழங்கால் நடுங்குகிறது. இப்போது கீழே நிற்கிறேன். மற்றவர்களுக்குத் தண்ணீரும் சோப்பும் எடுத்துக் கொடுக்கிறேன். சூப்பர்வைசர் நல்ல மனிதர், பெருநாள் வரை பார்க்கலாம் என்றிருக்கிறார். நீ ‘மேலேயிருந்து என்ன தெரிகிறது’ என்று கேட்டபோது பழைய ஞாபகத்திலிருந்துதான் எழுதினேன்.

நான் ஏற முடியாத இடத்தில் நீ நிற்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

இர்ஃபான்


ராஜகீழ்ப்பாக்கம்
26 செப்டம்பர் 2004

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நாலைந்து முறை எழுதிக் கிழித்த கடிதம் இது.

கண்ணாடி, பெல்ட், தொங்கியது எல்லாவற்றையும் மறுபடி மறுபடி படித்தேன். அல்லாஹ் உங்களைக் காப்பாற்றினான். இதை நீங்கள் என்னிடம் மட்டும் சொன்னதற்காக எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன். கீழே நிற்பதில் ஒரு குறைவும் இல்லை. தண்ணீர் இல்லாமல் மேலே இருப்பவர் எதைக் கழுவுவார்?

ஆனால் என் கோபத்தையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் முழங்கால் நடுங்குவதற்கும் என் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? நிக்காஹில் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹராக உங்கள் பயத்தைத் தர வேண்டாம், மச்சான். வேறு எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

எழுதிவிட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

அத்தாவிடம் உங்கள் பதிலைச் சொல்லவில்லை. “மாப்பிள்ளை எழுதினாரா?” என்று கேட்டார். “நலமா இருக்காராம்” என்றேன். அத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேப்பருக்குத் திரும்பினார்.

இங்கே ஒரு செய்தி. நம் பள்ளிவாசலுக்கு மேற்கே ஓர் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. பள்ளிவாசல் மொட்டை மாடியில் நின்றால் இப்போது மேற்கு வானம் இல்லை, செங்கல்தான். கட்டுகிறவரோ தகராறில் படிக்கட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். ரமலான் பிறையை எங்கேயிருந்து பார்ப்பது என்று கமிட்டியில் பேச்சு. தலைவர் காஜா மாமா நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். “ஷாகுல், பூனைக்கெல்லாம் ஏணி அனுப்புறே. பிறைக்கு அனுப்ப மாட்டியா?” அத்தா உடனே ஒத்துக்கொண்டார். நம் மனையில் வண்டியை நிறுத்தி, காஜா மாமாவும் குப்புராஜும் ஏறப் போகிறார்கள்.

தெருவே அதைப் பற்றித்தான் பேசுகிறது. நான் வாசலில் அம்மாவோடு நின்று அண்ணாந்து பார்ப்பேன். உங்களைப் போல நானும் கீழேதான்.

சபீஹா


ராஜகீழ்ப்பாக்கம்
16 அக்டோபர் 2004, முதல் நோன்பு

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலான் முபாரக். உங்களுக்கு நேற்றே நோன்பு தொடங்கியிருக்கும். எங்களுக்கு இன்று. எப்படித் தொடங்கியது என்பதை வரிசை மாறாமல் எழுத முயல்கிறேன்.

முதலில் பார்சல். வியாழக்கிழமை உங்கள் ரூம் நண்பர் ஊரப்பாக்கத்திலிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போனார். அம்மா சென்ட்டும் பால்பவுடரும் எதிர்பார்த்துப் பிரித்தார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெல்ட். தோளுக்கு இரண்டு வார், இடுப்புக்கு ஒன்று, கொக்கி. கடிதம் இல்லை. “இது யாருக்கு, குப்புராஜுக்கா?” என்றார் அம்மா. நான் அதை மடித்து அலமாரியில் வைத்தேன். இரவு கதவைச் சாத்திக்கொண்டு துப்பட்டாவுக்கு மேல் போட்டுப் பார்த்தேன். எங்குமே தளர்த்தவோ இறுக்கவோ வேண்டியிருக்கவில்லை.

நேற்று மாலை மேகம். அதுவும் கிழிந்த மேகம், இங்கே மூடி அங்கே திறந்தபடி. மனை நிறைய ஆட்கள். பக்கத்து மாடிகளில் பெண்கள். குப்புராஜ் தன் பெல்ட்டைக் காஜா மாமாவுக்கு மாட்டிவிட்டு, “நான் பழய ஆளு சார், எனக்கு வாணாம்” என்று தொட்டியில் ஏறப் போனார். அத்தா விடவில்லை. கடைசியில் ஒரு தாம்புக் கயிற்றால் குப்புராஜைத் தொட்டியோடு கட்டிவிட்டார்.

மேலே போனார்கள். நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

“தோ கீது சார்” என்று குப்புராஜின் குரல் வந்தது. “நூலு மாதிரி கீது, பாருங்க.”

“எங்கப்பா?”

“கண்ணத் தொறந்தாதான் சார் தெரியும்.”

காஜா மாமா கம்பியைப் பிடித்தபடி கண்களை இறுக்க மூடியிருந்தாராம். திறப்பதற்குள் மேகம் வந்துவிட்டது. “எறக்குப்பா, எறக்கு” என்றார். இறக்கினார்கள்.

“குப்புராஜ் பார்த்துட்டான்ல?” என்றார் அத்தா.

“நம்ம ஆள் ஒருத்தர் பார்த்துச் சொல்லணும்ல ஷாகுல்” என்று காஜா மாமா இழுத்தார்.

“ஏன் சார், நான் பாத்தது வேற நிலாவா?” என்றார் குப்புராஜ். பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் முதற்கொண்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பையன்கள் மூன்று பேர் நான் நான் என்று முன்னால் வந்தார்கள். அத்தா, “பெல்ட் இல்லாம ஒருத்தனும் ஏறக் கூடாது” என்றார். கயிறு கட்டிக் குப்புராஜை அனுப்பியதற்கே அவருக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். சரி, காஜா மாமா பெல்ட்டைக் கழற்றட்டும் என்றால் அது கழலவில்லை. பயத்தில் மேலே இருந்தபோது கடைசித் துளை வரை இழுத்து மாட்டிவிட்டிருக்கிறார். கொக்கி அவர் வயிற்றுக்குள் புதைந்துகிடந்தது. இரண்டு பேர் இழுத்தார்கள். “மூச்சு முட்டுதுடா” என்றார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

அம்மாதான், மச்சான். வேறு யாருமில்லை, அம்மாதான் சொன்னார். “உள்ள ஒரு பெல்ட் இருக்கே.”

எடுத்து வந்து கொடுத்தேன். பையன்களில் ஒருவன் போட்டுப் பார்த்தான், தோளில் ஏறவில்லை. அடுத்தவனுக்கும் அதே கதை. அத்தா அதை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை எழுதினாரா இல்லையா?”

“எழுதினார் அத்தா. வேண்டாம்னு எழுதினார்.”

“இது?”

“அதுக்கு அப்புறம் வந்தது.”

அத்தா ஒரு கணம் யோசித்தார். “அப்போ பின்னால வந்ததுதான் கணக்கு” என்று பெல்ட்டை என்னிடம் நீட்டினார்.

தொட்டியில் நான் ஒருத்திதான். கொக்கியை மாட்டி இழுத்துப் பார்த்தேன். கீழே வண்டியின் லீவருக்குப் பக்கத்தில் அத்தா. குனிந்து அவரைப் பார்த்தபோது, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே நிற்பவர் லீவரைத் தொடக் கூடாது என்று உங்கள் கடிதத்தில் இருந்ததை நான் அன்றே சொல்லியிருந்தேன். கேட்காத மாதிரிதான் இருந்தார்.

லீவரை இழுத்தேன். எங்கள் மாடி கீழே போயிற்று. தென்னை கீழே போயிற்று. செங்கல் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அதன் மேல் விளிம்பும் இறங்கிப்போக, திடீரென்று ஏரி முழுக்கத் தெரிந்தது. அதைத் தாண்டி தாம்பரத்து விளக்குகள், நகரும் மின்சார ரயில். காற்றில் தொட்டி மெல்ல ஆடியது. முழங்கால் நடுங்கியது, மச்சான். பொய் சொல்லமாட்டேன். நடுங்கிக்கொண்டே பார்க்கவும் முடிகிறது.

மேகம் விலகியது. சூரியன் இறங்கிய இடத்துக்குச் சற்று இடப்புறம், நான் தேடிய இடத்தைவிட உயரத்தில் இருந்தது. குப்புராஜ் சொன்னது சரி. நூல்தான். ஒருமுறை கண்ணைக் கொட்டிவிட்டு மறுபடி பார்த்தேன், அங்கேயே இருந்தது.

நான் தெருவில் சத்தம் போட்டுப் பேசியதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். “அத்தா, தெரியுது” என்று கத்தினேன். அது என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

“யாரு பார்த்தா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“என் மக” என்றார் அத்தா.

ஹஜ்ரத் முன்னால் வந்து அண்ணாந்து கேட்டார். “எந்தப் பக்கம்மா? பிறைக் கொம்பு எப்படி இருக்கு?” சொன்னேன். “மேகம் மறைச்சுதா, இன்னும் தெரியுதா?” “இப்பவும் தெரியுது ஹஜ்ரத்.” குப்புராஜ் தலையாட்டிக்கொண்டே, “அதேதான் சார், லெப்ட்டு சைடு” என்றார்.

காஜா மாமா மெதுவாக, “பொண்ணு ஒருத்தி சொல்றது...” என்று ஆரம்பித்தார், வயிற்றில் இன்னும் அந்தப் பெல்ட்டோடு.

“மேகமா இருக்கற நாள்ல ரமலானுக்கு நம்பிக்கையான ஒருத்தர் சாட்சி போதும்” என்றார் ஹஜ்ரத். “ஆணா பொண்ணான்னு நம்ம மத்ஹபு சட்டத்துல கேள்வி இல்ல. அவங்க கண்ணத் தொறந்து பார்த்திருக்காங்க, அது போதும்.”

அதன் பிறகு அவர் நகரத்துப் பள்ளிவாசலுக்குப் போன் போட்டார். அங்கேயும் பிறைச் செய்தி வந்துகொண்டிருந்ததாம். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பக்கத்து மாடிகளிலிருந்து பெண்கள் எனக்குக் கையசைத்தார்கள். அத்தா, “இறங்கு” என்றார். “கொஞ்ச நேரம் அத்தா” என்றேன். அவர் கையைப் பிரிக்கவே இல்லை. நானாக லீவரை இழுக்கும்வரை அப்படியே நின்றார்.

காஜா மாமாவின் பெல்ட்டைத் தராவீஹ் தொழுகைக்கு முன்னால் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள்.

வேண்டாம் என்று எழுதிவிட்டு ஏன் அனுப்பினீர்கள்? என் அளவு எப்படித் தெரிந்தது?

சபீஹா


ஷார்ஜா
29 அக்டோபர் 2004

சபீஹாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைக் குளியலறையில் படிக்கவில்லை. நோன்பு திறந்த பிறகு ரூமில் உட்கார்ந்து சத்தமாகவே படித்தேன், பெல்ட் கழலாத இடத்தை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். ‘மஹர்’ என்று எழுதிய கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. அது என் சட்டைப் பையில் இருக்கிறது.

‘வேண்டாம்’ என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். மறுநாளே மனசு சரியில்லை. நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நீ ஒருநாள் ஏறுவாய் என்று தெரியும். அதைத் தடுத்தவன் என்ற பெயரும் வேண்டாம், பெல்ட் இல்லாமல் ஏறவிட்டவன் என்ற பெயரும் வேண்டாம். ஸ்டோரில் போய்க் கேட்டேன். அளவு என்ன என்றார்கள். என் தோளுக்குக் கீழே கையை வைத்து, இவ்வளவு உயரம் என்று காட்டினேன். போன பெருநாளைக்கு நீ பிரியாணித் தட்டோடு என் பக்கத்தில் நின்றாய், அந்த ஞாபகம்தான். கூடவே கடிதம் வைக்க நினைத்தேன். எதை எழுதினாலும் முந்தைய கடிதத்துக்கு எதிராக இருந்தது.

உன் கடிதத்தில் நடுங்கிக்கொண்டே பார்க்கவும் முடிகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு அது தெரியாது. நடுக்கம் போன பிறகுதான் ஏற வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று பள்ளிவாசல் மினாராவில் ஒரு விளக்கு எரியவில்லை. நான் போகிறேன் என்றேன். சூப்பர்வைசர் இரண்டு முறை கேட்டார். கீழே லீவருக்குப் பக்கத்தில் நின்றது ஜூனில் அதை இழுத்துவிட்ட அதே பையன். கையைப் பின்னால் கட்டிக்கொள் என்றேன். ஏன் என்று கேட்டான். எங்கள் மாமா அப்படித்தான் நிற்பார் என்றேன்.

மேலேயிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டிருந்தாய். இப்போது சொல்கிறேன். கடல் தெரிந்தது. துறைமுகத்தில் விளக்கு போட்ட படகுகள் தெரிந்தன. கீழே நோன்பு திறக்கப் பாய் விரித்துப் பழத்தட்டு வைப்பது தெரிந்தது. அந்தப் பையன் கையைப் பிரிக்காமல் அண்ணாந்து நிற்பது தெரிந்தது. விளக்கைப் போட்டதும் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இவ்வளவும் முன்பே அங்கேதான் இருந்திருக்கும்.

பெருநாள் முடிந்து வருகிறேன். குப்புராஜுக்குப் பெரிய அளவில் ஒன்று வாங்கியாயிற்று, காஜா மாமா கண்ணில் பட வேண்டாம். எனக்கும் ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன். தொட்டியில் இரண்டு பேருக்கு இடம் உண்டு என்று எழுதியிருந்தாயே. நிக்காஹ் முடிந்த மறுநாள் மாமாவிடம் வண்டியைக் கேள். லீவர் உன் கையில் இருக்கட்டும்.

இர்ஃபான்